மாலே வாங்கிய கடன், டெல்லி வாங்கிய பெயர்

இந்திய அரசு வெளிநாடுகளுக்குக் கொடுக்கும் நிதியுதவியில் மிகப் பெரிய பங்கு பூட்டானுக்குப் போகிறது. 2025-26 பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கியது 2,150 கோடி ரூபாய். மாலத்தீவுக்கு 600 கோடிதான். ஆனால் பூட்டானுக்குப் போகும் பணத்தைப் பற்றி யாரும் தெருவில் நின்று கோஷம் போடுவதில்லை. மாலத்தீவு விஷயத்தில் ஒரு விமானம், ஒரு துறைமுகம், ஒரு மூட்டை வெங்காயம் எதுவானாலும் அரசியலாகிவிடுகிறது. சுமார் ஐந்து லட்சம் மக்கள் வாழும் அந்த நாடு 1965ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அதன்பின் வந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை ஒற்றை மனிதர் ஆட்சிகளிலேயே கழித்திருக்கிறது. அப்படிப்பட்ட ஆட்சிகளுக்குப் பக்கத்து ஜனநாயக நாடு பணம் கொடுத்தால் என்ன நடக்கும், கொடுக்க மறுத்தால் என்ன நடக்கும் என்பதை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க மாலத்தீவைப் போல வசதியான உதாரணம் இந்தியாவுக்கு வேறு இல்லை.

அதை அருகிலிருந்து பார்க்கக் கிடைக்கும் ஊர் திருவனந்தபுரம். ஆகாய வழியில் அங்கிருந்து சென்னை எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அதே தூரம்தான் மாலத்தீவின் தலைநகர் மாலே: சுமார் 600 கிலோமீட்டர். அந்நகரின் கழக்கூட்டம் என்றதும் இன்று டெக்னோபார்க்கும் பைபாஸ் மேம்பாலமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கழக்கூட்டம் சட்டமன்றத் தொகுதியின் எல்லைக்குள்தான் மெடிக்கல் காலேஜ் வட்டாரம் வருகிறது. அதைச் சுற்றியுள்ள குமாரபுரம் பகுதியில் மாலத்தீவுக் குடும்பங்கள் மாதக் கணக்கில் வாடகைக்கு வீடெடுத்துத் தங்குகின்றன. மாலத்தீவுக்காரருக்கு இந்தியா வர 90 நாள் வரை விசா தேவையில்லை. 2012 ஜனவரியில் தொடங்கிய ஆசந்தா என்ற அவர்களது அரசு மருத்துவக் காப்பீடு, உள்ளூரில் கிடைக்காத சிகிச்சைக்கு இந்திய மருத்துவமனைகளின் பில்லையும் ஏற்கிறது. நகரத்துப் பெரிய மருத்துவமனைகளில் மாலத்தீவின் திவேஹி மொழி தெரிந்த உதவியாளர்கள் இருப்பது இதனால்தான். பிரசவம், இதயம், புற்றுநோய், முழங்கால் எதுவானாலும் மாலத்தீவுக்காரர் வாயில் முதலில் வரும் பெயர் ‘ட்ரிவாண்ட்ரம்’.

இதே தொகுதியின் ஆக்குளத்தில் 1984ல் தொடங்கிய விமானப்படையின் தெற்குக் கட்டளைத் தலைமையகம் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் போனால் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் இந்தியாவுடையதல்ல. அமெரிக்கா கொடுத்த நைக்-அபாச்சி. அதிலிருந்த கருவி பிரான்சுடையது. ஏவுதளத்துக்கு ஹெலிகாப்டர் கொடுத்தது சோவியத் யூனியன். பனிப்போரில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த நாடுகள் ஒரே மீனவக் கிராமத்தில் இந்தியாவுக்கு உதவின. ஒருவரிடம் வாங்குவதை மற்றவர் தடுக்க முடியாதபடி இரு பக்கமும் கை நீட்டும் அந்தச் சாமர்த்தியம் அன்று டெல்லியுடையது. இன்று அதே சாமர்த்தியத்தை டெல்லியிடமே காட்டுகிறது மாலே.

வாங்கும் இடத்தில் இருப்பதன் கஷ்டமும் இந்தியாவுக்குத் தெரியும். 1965, 66ல் மழை பொய்த்தபோது பி.எல். 480 உணவு உதவித் திட்டத்தின் அமெரிக்கக் கோதுமையை நம்பியே நாடு சாப்பிட்டது. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததில் எரிச்சலடைந்த அதிபர் லிண்டன் ஜான்சன், கோதுமைக் கப்பல்களை மாதாமாதம் கணக்குப் பார்த்தே விட்டார். அந்த அவமானம் பசுமைப் புரட்சியை வேகப்படுத்தியது. இந்திய வெளியுறவுக் கொள்கையை அது மாற்றவில்லை.

கயூமின் முப்பது ஆண்டுகள்

1978 நவம்பரில் மவுமூன் அப்துல் கயூம் அதிபரானார். அடுத்த முப்பது ஆண்டுகள் அவரே. கட்சிகள் கிடையாது. நாடாளுமன்றம் ஒரே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். மக்கள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று வாக்களிப்பார்கள். ஒவ்வொரு முறையும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ‘ஆம்’ விழும். டெல்லிக்கு இதில் உறுத்தல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. 1981ல் இரு நாடுகளும் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, கட்டுமான ஜல்லி, ஆற்று மணல் ஆகியவற்றை இந்தியாவில் ஏற்றுமதித் தடை இருந்தாலும் குறிப்பிட்ட அளவு மாலத்தீவுக்கு அனுப்புவது என்பது ஏற்பாடு. பவளப்பாறைத் தீவுகளில் நெல் விளையாது, மணலும் ஜல்லியும் தோண்டினால் தீவே கரையும். ஆகையால் இந்த ஒப்பந்தம் வெறும் வணிகமாக இல்லாமல் உயிர்நாடியாகிவிட்டது.

1988 நவம்பர் 3 அதிகாலையில் மாலேயில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவுத் தொழிலதிபருக்காக ஆட்சியைப் பிடிக்க வந்திருந்தவர்கள் ஈழத் தமிழர்கள்: உமா மகேஸ்வரனின் புளொட் இயக்கத்தைச் சேர்ந்த சுமார் 80 பேர். கயூம் ஒளிந்துகொண்டு உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து கிளம்பிய இந்திய பாராசூட் படை ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கியது. பிணைக்கைதிகளோடு கப்பலில் தப்பியவர்களை ஐ.என்.எஸ். கோதாவரியும் பேட்வாவும் கடலில் மறித்தன. ஆபரேஷன் கேக்டஸ் இந்திய ராணுவம் பெருமையோடு சொல்லும் கதைகளில் ஒன்று. ஒரு சின்ன நாட்டைக் கூலிப்படையிடமிருந்து காப்பாற்றியது அதன் ஒரு பாதி. ஒற்றை வேட்பாளர் வாக்கெடுப்பில் மூன்றாம் முறை வென்று, அடுத்த பதவிக்காலத்துக்குக் காத்திருந்த ஒருவரின் நாற்காலியை இன்னும் இருபது ஆண்டுக்கு உறுதிசெய்தது மறுபாதி. அந்த மறுபாதி அதிகம் பேசப்படுவதில்லை.

உதவி அதன்பின் கட்டடமாகவும் வந்தது.  மாலேயின் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனையை 1995ல் நரசிம்ம ராவ் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு தொழிற்கல்வி நிலையம் ஒன்றும் கட்டிக் கொடுக்கப்பட்டது. சாதாரண மக்கள் மட்டத்தில் உறவு இவ்வளவு சீராக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1994ல் திருவனந்தபுரத்தில் இரண்டு மாலத்தீவுப் பெண்களும் தும்பாவுடன் தொடர்புடைய இஸ்ரோ விஞ்ஞானிகளும் உளவு வழக்கில் சிக்கவைக்கப்பட்டார்கள். வழக்கு பொய் என்று 1996ல் சி.பி.ஐ. சொன்னது. விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2018 வரை ஆனது.

கயூமை அசைத்தது வெளிநாட்டுக் கொடையாளிகள் அல்ல. 2003ல் சிறைக் கைதி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதும் மாலேயில் கலவரம் வெடித்தது. 2004 ஆகஸ்டில் பெருங்கூட்டம் கூடியபோது அவசரநிலை அறிவித்து நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துப் போட்டார்கள். மனிதாபிமானம் சாராத உதவிகளை நிறுத்தும்படி ஐரோப்பிய நாடாளுமன்றம் செப்டம்பரில் கேட்டது. மூன்று மாதத்தில் ஆழிப்பேரலை வந்தது. நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 62 சதவீதம் அளவுக்குச் சேதம். முதலில் போய்ச் சேர்ந்தவை இந்தியக் கப்பல்களும் விமானங்களும். இடிந்துபோன தீவுகளை முன்னே வைத்துக்கொண்டு உதவியை நிறுத்தச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் உலகத்தின் கண் முழுக்க மாலேமீது விழுந்திருந்த அந்த டிசம்பர் முடிவதற்குள் கைதானவர்கள்மீதான வழக்குகளை கயூம் கைவிட்டார். நிபந்தனை போட்டுக் கிடைக்காதது, வேடிக்கை பார்க்க ஆள் வந்ததும் கிடைத்தது. 2008ல் முதல் பல கட்சித் தேர்தலில் முகமது நஷீதிடம் அவர் தோற்றார்.

கைவிட்டுப் போன பிடி

உதவியை நிறுத்தினால் சர்வாதிகாரி வழிக்கு வருவாரா? பல நேரம் மாட்டார். சில நேரம் வருவார். 1991 நவம்பரில் பாரிசில் கூடிய கொடையாளி நாடுகள் கென்யாவுக்கான புதிய உதவியை நிறுத்திவைத்தன. டிசம்பரில் அதிபர் டேனியல் அராப் மோய் ஒரு கட்சி முறையைக் கைவிட்டார். பனிப்போர் முடிந்துவிட்டதால் மோய் போய்க் கதவைத் தட்ட வேறு வீடு இல்லை. அதுதான் அந்த வெற்றியின் ரகசியம். அதற்குப் பத்தாண்டுக்கு முன் ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நடந்தது இதற்கு நேர்மாறு. அதிபர் மொபுட்டுவின் மத்திய வங்கியில் அமர்த்தப்பட்ட ஜெர்மானியர் எர்வின் புளூமெந்தால், கொடுத்த கடன் திரும்பாது, ஊழல் ஆட்சியின் எலும்பில் ஊறியிருக்கிறது என்று 1982ல் எழுதியே கொடுத்தார். கடன் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. அங்கோலாவில் சோவியத்தை எதிர்க்க அமெரிக்காவுக்கு மொபுட்டு தேவைப்பட்டார்.

2013க்குப் பிந்திய மாலத்தீவு இந்த இரண்டில் ஜயருக்குத்தான் நெருக்கம். அதற்கு முன்பே ஒரு முன்னோட்டம் நடந்திருந்தது. நஷீத் காலத்தில், 2010ல், மாலே விமான நிலையத்தை 25 ஆண்டுக்கு நடத்தும் ஒப்பந்தம் இந்தியாவின் ஜி.எம்.ஆர். நிறுவனத்துக்குக் கிடைத்தது, சுமார் 50 கோடி டாலர் திட்டம். 2012 பிப்ரவரியில் நஷீத் பதவி இழந்தார். நவம்பரில் அடுத்து வந்த அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. நடுவர் மன்றம் பின்னர் 27 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. பணம் வந்தது, பெயர் போனது போனதுதான்: இந்திய நிறுவனம் என்பதே தேர்தல் மேடைக்குத் தீனியாகும் என்று மாலத்தீவு அரசியல்வாதிகள் அங்கே கண்டுகொண்டார்கள்.

கயூமின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் அப்துல்லா யாமீன் 2013 நவம்பரில் அதிபரானார். 2015 மார்ச்சில் நஷீதுக்குப் பயங்கரவாதக் குற்றச்சாட்டில் 13 ஆண்டு சிறை. அந்த மாதம் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குச் சென்ற பிரதமர் மோடி மாலேயை மட்டும் விட்டுவிட்டார். யாமீனுக்கு அது வலித்ததாகத் தெரியவில்லை. காரணம் எளிது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஷி ஜின்பிங் வந்து போயிருந்தார். சவூதி அரேபியாவும் பணத்தோடு நெருங்கிவந்தது. மாலத்தீவு அரசின் சொந்த வருமானமோ சுற்றுலா விடுதிகளிலிருந்து வருகிறது. எந்தத் தீவை யாருக்குக் குத்தகைக்கு விடுவது என்பதே அங்கே ஆதரவாளர்களுக்குப் பங்கு பிரிக்கும் வழி. தீவுக் குத்தகைப் பணத்தில் கோடிக்கணக்கான டாலர் காணாமல் போனதை அல் ஜசீராவின் ஆவணப்படம் 2016ல் வெளிக்கொண்டுவந்தது. வரி கட்டும் மக்களைவிடக் குத்தகை வாங்கும் சில பத்துக் குடும்பங்கள்தான் ஆட்சியைத் தாங்குகின்றன என்றால், வெளிநாட்டு உதவி நின்றாலும் ஆட்சிக்குப் பெரிதாக ஆட்டம் இல்லை.

இதற்கிடையில் 2014 டிசம்பர் 4 அன்று மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் எரிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடிநீர் இல்லை. மழைநீரும் கடல்நீரும் தவிர வேறு கதியற்ற ஊர். சில மணி நேரத்தில் இந்திய விமானப்படை விமானங்கள் தண்ணீரோடு பறந்தன. கொச்சிக் கடலிலிருந்த ஐ.என்.எஸ். சுகன்யா மாலே நோக்கித் திரும்பியது. அந்தக் கப்பலிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் இருந்தன. சீனாவும் தண்ணீர் அனுப்பியது. யாமீன் ஆட்சிமீது டெல்லிக்கு இருந்த வருத்தம் எதுவும் அந்த நீரில் கலக்கவில்லை. மாலத்தீவு எதிர்க்கட்சியினரும் ஆளுங்கட்சியினரும் ஒருசேர நன்றி சொன்ன உதவி இது.

2018 பிப்ரவரி 1 அன்று, சிறையிலிருந்த எதிர்க்கட்சித் தலைவர்களை விடுவிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. யாமீன் நான்கு நாளில் அவசரநிலை அறிவித்துத் தலைமை நீதிபதியையும், சகோதரர் கயூமையுமே கைது செய்தார். ராணுவத் துணையோடு தூதரை அனுப்புங்கள் என்று நஷீத் டெல்லியைக் கெஞ்சினார். 1988ல் பறந்த விமானங்கள் இந்த முறை பறக்கவில்லை. டெல்லி கவலை தெரிவித்து அறிக்கை விட்டது. அன்று கூப்பிட்டது நாற்காலியில் இருந்தவர். இன்று கூப்பிட்டவர் நாற்காலியை இழந்தவர். யாமீன் தன் பங்குக்கு, இந்தியா கொடுத்திருந்த இரண்டு துருவ் ஹெலிகாப்டர்களைத் திரும்ப எடுத்துப் போகச் சொன்னார்.

ஜூன் மாதம் இந்தியா 1981 ஒப்பந்தப் பொருள்களின் அளவை வெட்டியது. உருளை, வெங்காயம், முட்டை எல்லாம் குறைந்தன. தண்டனையாகப் பார்த்தால் இதைவிடக் குறி தவறிய தண்டனை இருக்க முடியாது. நாமக்கல் கோழிப்பண்ணையிலிருந்து குளிர்சாதனப் பெட்டகத்தில் தூத்துக்குடி வழியாகப் போகும் முட்டையை மாலேயின் காலை உணவு மேசைகளிலும் விடுதிச் சமையலறைகளிலும்தான் எதிர்பார்க்கிறார்கள். தட்டுப்பாடு வந்தால் விலை ஏறுவது அங்கே. நஷ்டப்படுவது இங்குள்ள வியாபாரி. அதிபர் மாளிகைக்கு அதில் ஒன்றும் குறைவதில்லை. மாலேயிலிருந்து மாசிக் கருவாடும் தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் தோணியில் போய் வந்த காலத்திலிருந்தே இந்தக் கடல்வழி அரசுகளைவிட வியாபாரிகளை நம்பித்தான் நடக்கிறது.

பாலம் திறந்தும் தோற்றவர்கள்

2018 ஆகஸ்ட் 30 அன்று மாலேயையும் விமான நிலையத் தீவையும் இணைக்கும் சீன-மாலத்தீவு நட்புறவுப் பாலம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 20 கோடி டாலர். பாதிக்கு மேல் சீனாவின் நன்கொடை. தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. வாணவேடிக்கை நடந்தது. செப்டம்பர் 23 அன்று 58 சதவீத வாக்குடன் எதிர்க்கட்சி வேட்பாளர் இப்ராஹிம் முகமது சோலிஹ் வென்றார். யாமீனைத் தோற்கடித்தது டெல்லியின் வெங்காய வெட்டு அல்ல, பெய்ஜிங்கின் பாலத்தாலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒன்றாக நின்றதுதான் அவரை வீழ்த்தியது.

அடுத்த ஐந்தாண்டு டெல்லி தாராளமாகக் கொடுத்தது. 2018 டிசம்பரில் 140 கோடி டாலர் அறிவிப்பு. 34 தீவுகளுக்குக் குடிநீர், கழிவுநீர் வசதி. 2020ல் மாலேயிலிருந்து திலாஃபுஷி வரை 6.74 கிலோமீட்டர் பாலத்துக்கு 50 கோடி டாலர். அதில் 40 கோடி கடன், 10 கோடி நன்கொடை. இந்தியக் கடன்தொகையின் விதி ஒன்று இங்கே கவனிக்க வேண்டியது: பொருளிலும் வேலையிலும் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே வாங்கப்பட வேண்டும். பாலத்தைக் கட்ட வந்ததும் அஃப்கான்ஸ் என்ற இந்திய நிறுவனம்தான். கடன் மாலேயின் கணக்கில் ஏறும், பணம் பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே சுற்றும். அமெரிக்காவும் சீனாவும் ஜப்பானும் இதையே வேறு வேறு பெயரில் செய்கின்றன. ஆனாலும் ‘உதவி’ என்று கேட்டவுடன் வெறும் கொடை என்று நினைத்துவிடுகிறோமே, அது சரியல்ல.

சோலிஹ் ஜனநாயக வழியில் வந்தவர். ஆனால் அவர் ஆட்சியிலும் 2020லிருந்து ‘இந்தியா அவுட்’ பிரசாரம் பரவியது. கடலோரக் காவல்படைத் துறைமுகத்துக்கு இந்தியாவுடன் செய்த ஒப்பந்தம் அதற்கு எண்ணெய் ஊற்றியது. 2022 ஏப்ரலில் அந்தப் பிரசாரத்தையே தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அதிபர் ஆணை மூலம் சோலிஹ் தடை செய்தார். உதவி கொடுத்த நாட்டின் பெயரைக் காக்கக் கருத்துரிமையைப் பறிக்கும் நிலைக்கு ஒரு ஜனநாயகவாதி வந்துவிட்டார். இந்தியாவுக்கு அதைவிடக் கேடான விளம்பரம் கிடையாது. 2023 செப்டம்பர் 30 அன்று முகமது முய்சு வென்றார். யாமீன் ஆட்சியில் வீட்டுவசதி, கட்டுமான அமைச்சராக இருந்து சீனப் பாலத்தைக் கட்டவைத்தவர் அவர்.

முய்சு பதவியேற்றதும் இந்திய ராணுவத்தினரை வெளியேறச் சொன்னார். எண்பது பேருக்கும் குறைவு. ஹெலிகாப்டரையும் டோர்னியர் விமானத்தையும் இயக்கி நோயாளிகளைத் தீவுகளிலிருந்து தூக்கி வருவதே பெரும்பாலும் அவர்கள் வேலை. 2024 மே மாதத்துக்குள் அவர்கள் போக, இந்தியாவிலிருந்தே சீருடை இல்லாத தொழில்நுட்பர்கள் வந்தார்கள். அவ்வாண்டு ஜனவரியில் மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் மோடியைக் கேலி செய்ய, இந்தியாவில் மாலத்தீவுப் பயணத்தைப் புறக்கணிக்கும் அலை எழுந்தது. அப்போதுதான் முய்சு, ஆசந்தா காப்பீட்டை வேறு நாட்டு மருத்துவமனைகளுக்கும் விரிவாக்குவோம் என்று அறிவித்தார். திருவனந்தபுரத்து மருத்துவமனைகள் மீதான சார்பு மாலேயில் எவ்வளவு கூர்ந்து கவனிக்கப்படுகிறது என்பது அதில் தெரிந்தது.

ஆனால் இந்த முறை டெல்லி 2018ஐத் திரும்பச் செய்யவில்லை. இந்தியாவிலேயே வெங்காய ஏற்றுமதிக்குத் தடை இருந்த 2024 ஏப்ரலில் மாலத்தீவுக்கான அளவை 1981க்குப் பிறகு இல்லாத உச்சத்துக்கு உயர்த்தியது: வெங்காயம் 35,749 டன், அரிசி 1,24,218 டன், முட்டை 42 கோடிக்கு மேல், ஜல்லியும் மணலும் தலா 10 லட்சம் டன். ஸ்டேட் வங்கி வைத்திருந்த 5 கோடி டாலர் கடன்பத்திரத்தின் கெடு நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டு மாலத்தீவிடம் அந்நியச் செலாவணி வற்றியது. இஸ்லாமிய முறைக் கடன்பத்திரமான சுக்குக்கின் தவணை கட்டவே முடியுமா என்று சந்தை சந்தேகப்பட்டது. பெய்ஜிங் பழைய கடனைத் தள்ளிவைக்க அவசரம் காட்டவில்லை. அக்டோபரில் முய்சு டெல்லி வந்து 40 கோடி டாலர், 3,000 கோடி ரூபாய் நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டுடன் திரும்பினார். பக்கத்து வீட்டில் நெருப்புப் பிடித்தால் வாளி எடுத்துப் போகிறவருக்குத்தான் மறுநாள் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் கிடைக்கும் என்ற கணக்கு அது. கடன் கெடு நெருங்கும் நேரத்தில் வேறு யாரும் கைகொடுக்காதபோதுதான் கொடையாளிக்குப் பிடி கிடைக்கிறது என்பதைக் கென்யாவும் காட்டியது. ஒரு வித்தியாசம், கென்யாவில் அந்தப் பிடியைக் கொண்டு ஜனநாயகம் கேட்டார்கள். டெல்லி கேட்டது பெரும்பாலும் பாதுகாப்பு: இந்தியாவுக்குப் பாதகமான எதற்கும் தீவுகளை விடக் கூடாது என்பது.

2025 ஜூலையில் மாலத்தீவு விடுதலையின் அறுபதாம் ஆண்டு விழாவில் மோடி சிறப்பு விருந்தினர். 4,850 கோடி ரூபாய் புதிய கடன். பழைய கடன்களின் ஆண்டுத் தவணை 5.1 கோடி டாலரிலிருந்து 2.9 கோடியாகக் குறைப்பு. அதே ஆண்டு பிப்ரவரியில், கட்சித் தாவும் எம்.பி.க்கள் பதவியிழக்கும்படி செய்த அரசியல் சட்டத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அதன் மூன்று நீதிபதிகள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். செப்டம்பரில் செய்தியாளர்கள் எதிர்த்த ஊடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் முய்சு கையெழுத்திட்டார். நாடாளுமன்றத்தில் அவர் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பலம். அடுத்த அதிபர் தேர்தல் 2028ல் வருகிறது. ஜூலையில் கையெழுத்தான கடனின் தவணைகள் அதற்குப் பின்னும் பல ஆண்டு ஓடும். நாற்காலியில் யார் இருந்தாலும் கட்ட வேண்டியது மாலேதான்.